எரித்த பாலமும் கடந்த பாலமும்

கேள்வி: ஐ.டி. வேலை. லண்டன் டீமோடு தினமும் போன் கால். போன வாரம், ‘அது வரும்போது பார்த்துக்கலாம்’ என்று சொல்ல நினைத்து, “வீ வில் பர்ன் தட் பிரிட்ஜ் வென் வீ கம் டு இட்” என்றுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். மரபுத்தொடர் ஏன் எனக்கு மட்டும் வாயில் நிற்பதில்லை?
– வாசகி, கோவை

பதில்: ‘க்ராஸ்’ வரவேண்டிய இடத்தில் ‘பர்ன்’. பாலத்தை எரிப்பது உறவை முறித்துக்கொள்வதற்குச் சொல்வது. இரண்டு தொடரிலும் பாலம் இருக்கிறதே, நாக்கு என்ன செய்யும்? இங்கிலாந்துக்காரர்களே இப்படி உளறுவார்கள். அவர்களுக்குள் இது பழைய ஜோக்.

1997-இல் கட்டிங், பாக் என்ற இரு உளவியலாளர்கள் இதை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்த்தார்கள். ஒரே பொருள் தரும் இரண்டு தொடர்களைக் காட்டி, ஒன்றைச் சட்டென்று சொல்லச் சொன்னால், ‘கிக் த பக்கெட்’டும் ‘மீட் யுவர் மேக்கர்’ரும் (இரண்டும் சாவுதான்) கலந்து ‘கிக் த மேக்கர்’ என்று வரும். வாக்கிய அமைப்பு ஒன்றாக இருந்த தொடர்கள்தான் அதிகம் கலந்தன. அப்படியானால் மரபுத்தொடர் மூளையில் கெட்டியாக உறைந்த ஒரே கட்டி இல்லை. உள்ளே சொற்கள் உயிரோடு இருக்கின்றன.

நம் தமிழையே பாருங்கள். ‘குட்டை உடைத்தான்’, ‘குட்டு உடைந்தது’ இரண்டும் சொல்கிறோம். ‘கம்பி நீட்டினான்’ உண்டு. ‘கம்பி நீட்டப்பட்டது’ என்றால் ஏதோ இரும்புக்கடை சமாசாரம். குட்டு என்றால் ரகசியம் என்று தெரிகிறது. கம்பி எதைக் குறிக்கிறது, யாருக்குத் தெரியும்? ஆங்கிலத்திலும் அதே கதை. ‘த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்’ என்றால் ரகசியம் வெளியானது புரியும். ‘த பக்கெட் வாஸ் கிக்ட்’ என்றால் வாளிதான் உருளும், ஆள் சாகமாட்டான்.

மரபுத்தொடரைப் படிக்கும்போதும் தடுமாறினால், அதற்கும் காரணம் உண்டு. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், படிப்பவரின் கண் அசைவை அளந்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியானவர்கள் மரபுத்தொடரைச் சாதாரணத் தொடரைவிட வேகமாகக் கடந்தார்கள். பிறகு கற்றவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. ஆயிரம் தடவை காதில் விழுந்தவருக்கு முதல் இரண்டு சொல்லிலேயே மீதி தெரிந்துவிடுகிறது.

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். போன் காலின்போது ஒரு தொடர் காதில் விழுந்தால், யார் யாரிடம் எதற்குச் சொன்னார் என்பதோடு முழு வாக்கியத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வாய்க்குப் பழகும்வரை, ‘லெட்ஸ் டீல் வித் இட் லேட்டர்’ போதும். அதற்கு லண்டனில் யாரும் சிரிக்கமாட்டார்கள்.