கோர்ட் போட்டதும் கோர்ட்டுக்குப் போனதும்

இந்த முறை வந்த நுகர்வோர் புகார்க் கடிதங்களில் பாதிக்கு மேல் அடுக்குமாடிச் சங்கங்களும் காலனி கிளப்புகளும் விளையாட்டுக் கோர்ட்டைப் புதுப்பித்த கதைதான். அதனால் மிக்சி, வாஷிங் மெஷின்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கே: பிப்ரவரியில் எங்கள் குடியிருப்பின் டென்னிஸ் கோர்ட்டைப் புதுப்பித்தோம். பழைய சிமென்ட் தளத்தின் மேலேயே அக்ரிலிக் பூசினார்கள். நவம்பர் மழைக்குப் பிறகு தரை பூரி மாதிரி உப்பி உரிகிறது. ஒரு மூலையில் தண்ணீர் நாள் முழுக்க நிற்கிறது. "மழையால் வந்ததற்கு வாரண்டி கிடையாது" என்கிறார் கான்ட்ராக்டர்.
– சங்கச் செயலாளர், மடிப்பாக்கம்

ப: மடிப்பாக்கத்தில் திறந்தவெளி வேலை எடுத்தவருக்கு மழை வரும் என்று தெரியாதாமா! விடாதீர்கள். உப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் மேலே விழும் மழை அல்ல, கீழிருந்து ஏறும் ஈரம். கான்கிரீட்டுக்கு அடியில் பாலிதீன் ஷீட் விரிக்காத பழைய தளங்களில் இது சகஜம். பூசுவதற்கு முன் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. ஒன்றரை அடிச் சதுரமாக ஒரு பாலிதீன் துண்டைத் தரையில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, மறுநாள் காலையில் உரித்துப் பார்த்தால் அடியில் முத்து முத்தாக வேர்த்திருக்கும். அதைப் பார்க்காமல் பூசியது அவர் குறை, உங்கள் குறை அல்ல.

தண்ணீர் நிற்பது வாட்டக் கோளாறு. கோர்ட் முழுக்க ஒரே பக்கமாக, 100 அடிக்கு ஏறக்குறைய ஓர் அடி சரிவு வேண்டும். அடுத்த மழை நின்று ஒரு மணி நேரம் கழித்து அந்த மூலையில் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை வையுங்கள். அது முழுகினால் பள்ளம் பள்ளம்தான். நாணயத்தோடு தேதி தெரியப் படம் எடுங்கள்.

அடுத்து, குறைகளை வரிசையாக எழுதி, சரிசெய்யக் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் அங்கேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சங்கத்தின் பெயரில் மட்டும் மனுப் போட்டுவிடாதீர்கள். சட்டப்படி கட்டாயமாக அமைந்த குடியிருப்போர் சங்கம் 'தன்னார்வ நுகர்வோர் சங்கம்' ஆகாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உறுப்பினர்கள் சிலர், எல்லோர் சார்பிலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35(1)(சி) பிரிவின் கீழ் அனுமதி கேட்டுப் போடுவது பாதுகாப்பு. இந்த ஓர் இடத்தில் மட்டும் வக்கீலுக்குக் காசு கொடுங்கள்.

கே: பாட்மிண்டன் கோர்ட்டிலேயே பிக்கிள்பாலும் ஆடலாமா? தனி இடம் இல்லை.
– கோவை

ப: ஆடலாம். இரண்டுக்கும் அளவு 44-க்கு 20 அடி. பிக்கிள்பால் வலை ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34 என்பதால், உயரம் மாற்றக்கூடிய கம்பமாக வாங்குங்கள். உள்ளே போடும் கோடுகள் வேறு, ஆகவே வேறு நிறம். பந்து மட்டையில் படும் 'டொக்' சத்தத்தைப் பக்கத்து பிளாக்காரர்கள் ஒரு நாள் முழுக்கக் கேட்ட பிறகு தீர்மானம் போடுங்கள்.

கே: மூன்று கொட்டேஷனில் குறைந்ததை எடுத்தோம். சாமான் வாங்க வேண்டும் என்றதால் 90 சதவீதம் முன்பணம் கொடுத்தோம். ஒப்பந்தம் எழுதவில்லை. தெரிந்தவர் மூலம் வந்தவர். இப்போது போனை எடுப்பதில்லை.
– கிளப் பொருளாளர், திருச்சி

ப: மீதிப் பத்து சதவீதத்தையும் கொடுத்திருந்தால் ஒருவேளை நன்றி சொல்லவாவது போனை எடுத்திருப்பார். ஊரார் பணத்தை வைத்திருக்கும் பொருளாளர் நீங்கள். வங்கி வழியாக அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு, கொட்டேஷன், வாட்ஸாப் பேச்சு எல்லாவற்றையும் அச்செடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், அந்தத் தெரிந்தவரைப் போய்ப் பாருங்கள்.

கே: டென்னிஸ் கோர்ட் பூச்சுக்கு ஒருவர் 5 லேயர், இன்னொருவர் 8 லேயர் என்கிறார். எட்டுக்காரர் 'ஐ.டி.எஃப். (சர்வதேச டென்னிஸ் சம்மேளனம்) அங்கீகாரம்' என்றும் போட்டிருக்கிறார். எது நல்லது?
– மதுரை

ப: இந்த லேயர் கணக்கைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பிரைமர் ஒன்று, கோடு போடும் வெள்ளை ஒன்று என்று அதையும் சேர்த்து எண்ணி எட்டாக்குபவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கலக்கினால் பன்னிரண்டு லேயர்கூடப் பூசலாம், மொத்தக் கனம் ஐந்தைவிடக் குறைவாக இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது எத்தனை லேயர் என்றல்ல, எத்தனை டிரம் என்று. தயாரிப்பாளரின் விவரத்தாளில் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு சரக்கு, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மணல் என்று அச்சடித்தே இருக்கும். அதை உங்கள் கோர்ட்டின் பரப்பால் பெருக்குங்கள். சுற்று இடத்தோடு சேர்த்து ஒரு டென்னிஸ் கோர்ட் 120-க்கு 60 அடி. வர வேண்டிய டிரம் கணக்கை ஒப்பந்தத்தில் எழுதி, சீல் உடையாத டிரம்களை உங்கள் ஆள் ஒருவர் எண்ணி வாங்கட்டும். காலி டிரம்மை வேலை முடியும்வரை வெளியே விடாதீர்கள். இதைச் சொன்னதுமே சில எட்டுக்காரர்கள் ஐந்துக்கு இறங்கிவிடுவார்கள்.

ஐ.டி.எஃப். விஷயம் இன்னொரு கூத்து. டென்னிஸ் சம்மேளனம் தரையின் வேகத்தை ஐந்து வகையாகப் பிரித்துத் தயாரிப்புகளைப் பட்டியலிடுகிறது. அது டிரம்முக்குள் இருக்கும் சரக்கைப் பற்றியது. அதைக் கலக்குபவருக்கும் கீழே இருக்கும் கான்கிரீட்டுக்கும் அந்தப் பட்டியல் சான்றிதழ் ஆகாது. புதுக் கான்கிரீட் என்றால் 28 நாள் விட்டுத்தான் பூச வேண்டும். "கெமிக்கல் போட்டு ஒரே வாரத்தில் முடிக்கிறேன்" என்பவரிடம், கடைசி 10 சதவீதத்தை ஒரு மழைக்காலம் கழித்துத் தருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள், முகம் தெரிந்துவிடும்.

கே: கிளப் ஹாலில் பாட்மிண்டன் மேட் போட்டோம். ஒரே மாதத்தில் கறுப்புக் கோடுகள். மேட் மட்டமா?
– தஞ்சாவூர்

ப: முதலில் உறுப்பினர்களின் காலைப் பாருங்கள். 'நான்-மார்க்கிங்' (தரையில் கோடு விழாது) என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்த ஷூ ஒன்றை ஆடித் தள்ளுபடியில் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். முதல் செட் முடிவதற்குள் மேட் முழுக்கக் கரிக்கோடு. கிளப் மேலாளர் ஒன்றும் சொல்லாமல் ஒரு ஈரத் துணியை நீட்டினார். வாங்கும்போதே அடிப்பாகத்தை ஒரு வெள்ளைக் காகிதத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மேட்டை வெறும் சிமென்ட் தரையில் விரித்திருந்தால் கோட்டைவிட முழங்கால்தான் பெரிய கவலை. அடியில் மரத்தளம் போட முடியுமா என்று பாருங்கள்.

கே: பாட்மிண்டன் கோர்ட்டுக்கு நேர் மேலே எல்.இ.டி. விளக்கு போடலாமா?
– சேலம்

ப: கூடாது. மேலே பார்த்தால் ஷட்டில் தெரியாது, விளக்குதான் தெரியும். பக்கவாட்டில் மாட்டுங்கள்.

கே: எனக்கு 71 வயது. விளையாடுவதில்லை. கோர்ட்டுக்கு என் பங்கு என்று ஒரு தொகை கேட்கிறார்கள். தர வேண்டுமா?
– குரோம்பேட்டை

ப: பொதுக்குழுவில் விதிப்படி தீர்மானம் நிறைவேறியிருந்தால் தரத்தான் வேண்டும், அம்மா. லிஃப்டில் ஏறாத கீழ்வீட்டுக்காரரும் பல இடங்களில் தருகிறார். ஆனால் தீர்மானத்தின் நகல், கொட்டேஷன்கள், பில் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் சங்கத்தில் அதைப் படிக்கிற முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

கே: தீபாவளித் தள்ளுபடி 15 சதவீதம் என்கிறார் கான்ட்ராக்டர். அக்டோபரில் வேலையை ஆரம்பிக்கலாமா?
– வேளச்சேரி

ப: வேண்டாம். டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இதே தள்ளுபடியைப் பிப்ரவரிக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்.