அப்பாவின் சக்கர நாற்காலிக்கு எந்த வீடு?

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதத்தில் இடது கை, கால் விழுந்துவிட்டது, சக்கர நாற்காலிதான். அம்மாவுக்கு மூட்டுவலி. அழகாபுரத்தில் தனி வீடு, ஃபேர்லேண்ட்ஸில் லிஃப்ட் உள்ள இரண்டாம் மாடி ஃபிளாட், ஏற்காட்டில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். எதை வாங்கலாம்? - வாசகர், சேலம்

பதில்: ஏற்காட்டை விட்டுவிடுங்கள். நள்ளிரவில் மூச்சுத்திணறினால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கியாக வேண்டும்.

தரைத்தளம் என்பதற்காகவே தனி வீட்டுக்கும் சாயாதீர்கள். மழைத் தண்ணீருக்குப் பயந்து பேஸ்மட்டத்தை இரண்டரை அடி தூக்கியிருந்தால், சரிவுப் பாதைக்கு அடிக்கு 12 அடி கணக்கில் 30 அடி நீளம் வேண்டும். வாசலில் நாற்காலி திரும்ப 5க்கு 5 அடி சமதளம் தனி. இடமில்லை என்று மேஸ்திரி பத்தடியில் முடித்துவிடுவார். அதில் அம்மாவால் ஏற்றித் தள்ளவும் முடியாது, இறக்கும்போது இழுத்துப் பிடிக்கவும் முடியாது.

ஃபிளாட்டில், கார் நிறுத்துமிடத்துக்கும் லிஃப்டுக்கும் நடுவே படி இருக்கிறதா பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையன்று ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா, காரிடார் விளக்கு மட்டும்தானா?

எங்கே போனாலும் முதலில் டேப்பை வைக்க வேண்டிய இடம் பாத்ரூம் கதவு. வழக்கமான இரண்டரை அடிக் கதவில் நிலைச்சட்டமும் பலகையின் தடிமனும் போக 23, 24 அங்குலம்தான் மிஞ்சும். நாற்காலியோ 25, 26 அங்குலம். 32 அங்குலம் தாராளமாக வேண்டும், அதாவது நிலையோடு மூன்றேகால் அடி. பக்கத்திலேயே கான்கிரீட் தூண் இருந்தால் அகலப்படுத்த வழியில்லை. அந்த வீடு வேண்டாம். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் யாராலும் திறக்க முடியாது.

கைப்பிடி அப்பாவுக்கு வலப்பக்கம்தான் வர வேண்டும், ஆகவே கமோடில் உட்கார்ந்தால் வலப்புறம் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். நாலரை அங்குலச் சுவரில் பிளக் ஆணி ஆள் பாரம் தாங்காது. ஊடுருவத் துளைத்து, மறுபக்கம் தகடு வைத்து போல்ட் முறுக்கச் சொல்லுங்கள். டைல்ஸில் ஒட்டும் ரப்பர் கைப்பிடியை நம்பவே வேண்டாம். உட்காரும் உயரம் 18 அங்குலம். போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து தரையில் வழவழவென்று படியும். சொரசொரப்பான டைல்ஸ் போட்டாலும் வாரம் ஒருமுறை தேய்த்தாக வேண்டும்.

லிஃப்டுக்குப் படியில்லை, ஜெனரேட்டர் உண்டு, பாத்ரூம் கதவை உடைத்து அகலப்படுத்தலாம் என்றால் ஃபிளாட்டை எடுங்கள். முன்பணம் தருவதற்கு முன் அப்பாவின் நாற்காலியையே கொண்டுபோய், லிஃப்டுக்குள் தள்ளிக் கதவை மூடிப் பாருங்கள்.