சுகுடு எபோலா ஆய்வு: 14 பேரும் சோதனைப் பிழையா?

வணக்கம். சியரா லியோனின் சுகுடு கிராமத்தில் எபோலா வந்ததாகவே பதிவாகாத 187 பேரைச் சோதித்ததில் 14 பேருக்கு எதிர்ப்பொருள் (கிருமி நுழைந்தால் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதம்) இருந்ததே, அத்தனையும் சோதனைப் பிழைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். சந்தேகம் நியாயமானது, முடிவுதான் அவசரம்.

நோய் எட்டிப்பார்க்காத ஊர்களில் 132 பேரையும் அதே முறையில் சோதித்தார்கள். துல்லியம் 97.7 சதவீதம், அதாவது மூன்று பேருக்குத் தவறான முடிவு. அதே விகிதத்தில் 187 பேரில் நான்கைந்து பேர் தவறாகச் சிக்கலாம். 14 பேர் சிக்க மாட்டார்கள். இந்த 187 பேரும் நோயாளிகளோடு வீட்டையோ பொதுக் கழிப்பறையையோ பகிர்ந்தவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. 14 பேரில் இருவர் மட்டுமே காய்ச்சல் வந்ததாகச் சொன்னார்கள். மற்ற 12 பேருக்கும் அறிகுறியே இல்லையா, அல்லது எபோலா முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று அஞ்சி மறைத்தார்களா? இரத்தப் பரிசோதனை அதைச் சொல்லாது. 34 பேருக்கு நோய் உறுதியாகி 28 பேரைப் பறிகொடுத்த ஊர் அது. பயம் இல்லாமலா இருந்திருக்கும்? உங்கள் கட்டுரையில் ‘அறிகுறியற்ற தொற்று’ என்று அடித்து எழுதாதீர்கள். ‘பதிவாகாத தொற்று’ என்றால் யாரும் குறை சொல்ல முடியாது.