வாசலை மறித்த பெண்கள்

கேள்வி: ஆயுதம் வைத்திருப்பவர்கள் நடத்தும் சமாதானப் பேச்சில் சாதாரண ஜனங்களுக்கு என்ன வேலை?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: உள்ளே நாற்காலி தரமாட்டார்கள், சரி. மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் பெண்கள் வாசலையே மறித்தார்கள். 2003-ல் உள்நாட்டுப் போரை நிறுத்தச் சொல்லி, தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தையருகே கிறிஸ்தவ, முஸ்லிம் பெண்கள் வெள்ளை டி-சர்ட்டோடு வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். அப்புறம் லேமா போவி தலைமையில் ஒரு குழு கானாவின் அக்ராவுக்கே போனது. அங்கே நடந்த சமாதானப் பேச்சுவார்த்தை வாரக்கணக்கில் இழுபடவே, மண்டப வாசலில் கைகோத்து உட்கார்ந்து யாரையும் வெளியே விடவில்லை. கைது செய்ய வந்த காவலர்கள் முன் போவி தன் ஆடையைக் களையத் தொடங்கினார். தாயானவள் அப்படிச் செய்வது அங்கே சாபம். காவலர்கள் பின்வாங்கினார்கள்! ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

சட்டம்தான் நொண்டுகிறது. அந்தப் போரின்போது லைபீரிய அதிபராக இருந்த சார்லஸ் டெய்லருக்கு 2012-ல் 50 ஆண்டுச் சிறை. அதுவும் பக்கத்து சியரா லியோனில் நடந்த குற்றங்களுக்கு. லைபீரியாவில் நடந்தவற்றுக்கு அவரை யாரும் கூண்டிலேற்றவில்லை என்பதில் எனக்கு ஆறாத கோபம்.