அறளை பெயர்ந்தவர்களும் பொலிஸாரும்: கேள்வி பதில்

(மறதிநோய் வார்டில் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதி நான். பொலிஸாருக்கு இதைப் பற்றி வகுப்பும் எடுத்திருக்கிறேன்.)

வெள்ளவத்தை வாசகர்: அக்கா, வழிதவறி நின்ற அப்பாவிடம் ஒரு பொலிஸ்காரர் அடையாள அட்டை கேட்டிருக்கிறார். அப்பா நடுங்கி ஓடப் பார்க்க, குடித்திருக்கிறார் என்று கையைப் பிடித்து இழுத்தாராம்.

வாசிக்கவே மனது வலிக்கிறது, தம்பி. அப்பாவின் தலைமுறைக்குச் சீருடை என்றாலே செக்பொயிண்டும் விசாரணையும்தான், காலையில் சாப்பிட்டது மறந்தாலும் அந்தப் பயம் மறக்காது. வகுப்பில் நான் முதலில் சொல்வது இதுதான்: பின்னாலிருந்து வராதீர்கள், முன்னால் வந்து முகம் தெரிய நின்று பெயரைச் சொல்லுங்கள், வோக்கிடோக்கி சத்தத்தைக் குறையுங்கள், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். பதில் வரத் தாமதமானால் அதே கேள்வியை அதே சொற்களில் திரும்பக் கேட்க வேண்டும், புதுக் கேள்வி போட்டால் அவர் இன்னும் குழம்புவார். தள்ளாட்டமும் குழறலும் சீனி குறைந்தாலும் வரும், அதனால் குடி என்று உடனே முடிவெடுக்கக் கூடாது.

கொட்டாஞ்சேனை வாசகர்: அம்மம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இப்போது சிங்களத்தில் கேட்டால் முழிக்கிறா.

பிறகு படித்த மொழி பலருக்கு முதலில் போய்விடும், தாய்மொழிதான் மிஞ்சும். ஆகவே பதில் வரவில்லை என்றால் தமிழ் தெரிந்த ஒருவரை அழைக்க வேண்டும், போனிலாவது. 1987 முதல் இலங்கையில் தமிழும் அரச கரும மொழி, இது சலுகை இல்லை.

தெஹிவளை வாசகர்: மாமா "பருத்தித்துறை வீட்டை போகோணும்" என்று வெளிக்கிடுகிறார். மறுத்தால் கோபம்.

மறுக்காதீர்கள். "முற்றத்தில் என்ன மரம் நிற்குது?" என்று கேட்டுக்கொண்டு கூட நடவுங்கள், பொலிஸுக்கும் இதையே சொல்லிக்கொடுக்கிறேன், கதையோடு பெயரும் ஊரும் வந்துவிடும். பழைய வீடு, பழைய வேலைத்தலம், இவைதான் இழுக்கும். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் புரோட்டோகால் என்று ஒரு படிவம் இருக்கிறது. ஜார்ஜ் ஹெர்பர்ட் என்பவர் இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் இறங்கிய போர்வீரர், மறதிநோய் வந்தபின் தன் சிறுவயது வீட்டைத் தேடிப் போய் இறந்ததால் வந்த பெயர். குடும்பம் முன்கூட்டியே நிரப்பி வைத்து, ஆள் காணாமல் போனதும் பொலிஸிடம் கொடுக்கும். நீங்களும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: அண்மைப் படம், மருந்து, பழைய முகவரிகள், பேசும் மொழி, வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர். அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

பம்பலப்பிட்டி வாசகர்: காணவில்லை என்றால் ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் முறைப்பாடா?

ஐயோ, வேண்டாம். உடனே 119க்கு, பொலிஸுக்கு அடியுங்கள். காயம் இருந்தால் 1990, அது அம்புலன்ஸ். அப்புறம், உங்கள் பக்கம் என்றால் முதலில் ரயில் பாதையையும் கடற்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.