ஆப்கானிஸ்தானில் ஏழைக் குடும்பங்களுக்கு உணவோடு விறகும் ஏன் கொடுக்கிறார்கள்?

பனிக்காலத்தை ஒரு ஏழைக் குடும்பம் உயிரோடு கடக்கத் தேவையானதைக் கொடுப்பதுதான் குளிர்கால நிவாரணம். கோதுமை மாவு, பருப்பு, எண்ணெய், உப்பு, கூடவே விறகு அல்லது நிலக்கரி. கடைகள் திறந்திருக்கும் ஊர்களில் பணமாகவும் தருவார்கள்.

சரி, ஏன் இரண்டும் சேர்த்து? குளிர் வந்தால் வயல் வேலையும் கட்டட வேலையும் நின்றுவிடும், கூலி கிடையாது. செலவோ கூடும். கையில் இருக்கும் காசு சின்னப் போர்வை மாதிரி, தலைக்கு இழுத்தால் கால் வெளியே தெரியும். ரொட்டி வாங்கினால் அடுப்பு அணைந்துவிடும். அங்கே பல வீடுகளில் 'சந்தலி' உண்டு. தாழ்வான மேசைக்கு அடியில் தணல், மேலே கனமான பஞ்சுப் போர்வை, அதற்குள் காலை நீட்டிக் குடும்பமே சுற்றி உட்கார்ந்திருக்கும். அந்தத் தணலுக்கும் வழியில்லாதவர்கள் பிளாஸ்டிக்கையும் பழைய துணியையும் எரிக்கிறார்கள். அந்தப் புகை குழந்தைகளின் நெஞ்சைத்தான் முதலில் பிடிக்கிறது.

அப்புறம், கோர், படக்‌ஷான் போன்ற மலை மாகாணங்களில் பனி விழுந்தால் பாதை மூடிவிடும். அதற்கு முன்பே மூட்டைகள் போய்ச் சேர வேண்டும். 2023 ஜனவரிக் கடுங்குளிரில் 150 பேருக்கு மேல் இறந்தார்கள் என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

ஆப்கானிஸ்தான் என்றாலே வெயில் கொளுத்தும் பாலைவனம் என்று பலர் நினைக்கிறார்கள். காபூல் நகரமே ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி இரவுகளில் அங்கே தண்ணீர் உறைந்துபோகும்.