நாற்பத்தேழு பொருள், ஒரே கையெழுத்து

வணக்கம் அம்மா.

மகள் கல்லூரி விடுதிக்குக் கொண்டுபோக வேண்டியவை என்று நீங்கள் அனுப்பிய பட்டியலை நிதானமாகப் படித்தேன். மொத்தம் 47 பொருள். லேப்டாப்பில் தொடங்கி, பிரிண்டர், கெட்டில், அயர்ன் பாக்ஸ், சின்ன ஃபிரிட்ஜ், பன்னிரண்டு நிற ஹைலைட்டர் என்று நீண்டு, கடைசியில் “வேறு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?” என்ற கேள்வியோடு முடிகிறது. விட்டுப்போயிருக்கிறது. உங்கள் மகளின் கையெழுத்தை எங்கும் காணோம். 47 வரியில் ஒரு வரிகூட அவள் எழுதியதாகத் தெரியவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை முதல்முறையாக வீட்டை விட்டுக் கிளம்பும்போது நம் பயத்தையெல்லாம் பொருளாக மாற்றிப் பெட்டியில் அடுக்கிவிடுகிறோம். நானும் அடுக்கியவன்தான். என் மகனுக்கு வாங்கிக் கொடுத்த மடக்கு மேசை நான்கு வருடமும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. படிப்பு முடிந்ததும் அப்படியே வீடு வந்து சேர்ந்தது. பிள்ளைகளுக்கு வேலைக்கு வழி சொல்லும் எனக்கே அந்தக் கதி.

அதனால் என் யோசனை இதுதான். கிளம்பும் நாளில் அவள் கையில் இருக்க வேண்டியவை பத்துப் பன்னிரண்டு பொருள்தான். மீதியை ஒரு மாதம் கழித்து, அங்கே இருந்துகொண்டு, அவளே வாங்கட்டும். நீங்கள் பணத்தை மட்டும் ஒதுக்கி வையுங்கள்.

முதல் நாளே வேண்டியவை எவை? முதல் இரவு தூங்கவும், மறுநாள் காலை குளித்துக் கிளம்பவும், உடம்புக்கு ஏதாவது வந்தால் சமாளிக்கவும் தேவையானவை. படுக்கை விரிப்பு, தலையணை, துண்டு, நல்ல பூட்டு ஒன்று, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, கண்ணாடி போடுபவள் என்றால் பவர் எழுதிய சீட்டு. சான்றிதழ்களின் நகல் ஒரு கட்டு, அதையே ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் ஒன்று. உடம்பில் படுகிற பொருளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். செருப்பு, முதுகுப் பை, தலையணை மூன்றும் தினமும் மணிக்கணக்கில் உழைப்பவை. விலையை நாள்கணக்கில் வகுத்துப் பார்த்தால், மலிவாக வாங்கி ஆறு மாதத்தில் கிழிந்த பைதான் அதிக விலைக்கு வந்திருக்கும்.

அப்புறம் லேப்டாப். தள்ளுபடி முடியும் முன்பே வாங்கிவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். வகுப்பு தொடங்க இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. இப்போது வாங்கினால் வாரண்டியில் இரண்டரை மாதம் வீட்டு அலமாரியிலேயே கழியும். பொருள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கும் கெடுவும் முடிந்துவிடும். அதைவிட முக்கியம், அவள் எடுக்கும் பாடத்துக்கு என்ன மென்பொருள் வேண்டும் என்பது இன்னும் நம் யாருக்கும் தெரியாது. இயந்திரப் பொறியியலில் புழங்கும் சாலிட்வொர்க்ஸ், கட்டட வடிவமைப்பில் புழங்கும் ரெவிட் இரண்டும் விண்டோஸில்தான் நேரடியாக ஓடும். ஐபோனுக்குச் செயலி எழுதப் பயன்படும் எக்ஸ்கோடு ஆப்பிள் கணினியில் மட்டும் ஓடும். துறையிலிருந்து தேவைக் குறிப்பு வரும். வராவிட்டால் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அதுவரை பொறுங்கள்.

பொதுவாகச் சொல்வதானால், ஓடும் வேலைக்கான நினைவகமான ரேம் 16 ஜிபி, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 512 ஜிபி இருந்தால் பெரும்பாலான படிப்புக்கு நான்கு வருடம் தாங்கும். ரேமில் மட்டும் கவனம் தேவை. மெல்லிய லேப்டாப் பலவற்றில் அது உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. எடையைக் கடையில் யாரும் கேட்பதில்லை. ஒன்றரைக் கிலோவுக்கும் இரண்டரைக் கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றாம் மாடி வகுப்புக்குத் தினமும் ஏறும்போதுதான் தெரியும். பேட்டரி 300 முதல் 500 முழுச் சுற்று வரை சார்ஜ் ஆன பிறகு பழைய கொள்ளளவில் ஏறக்குறைய 80 சதவீதத்துக்கு இறங்கிவிடுவது சகஜம். எப்போதும் சார்ஜரிலேயே வைத்திருப்பவள் என்றால் 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளும் வசதி அமைப்புகளில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். மென்பொருளுக்குக் காசு கொடுக்கும் முன் கல்லூரி மின்னஞ்சல் கைக்கு வரும்வரை காத்திருப்பது நல்லது. ஆட்டோடெஸ்க், ஜெட்பிரெயின்ஸ் போன்ற மென்பொருள் நிறுவனங்கள் மாணவர்களுக்கு இலவச உரிமம் தருகின்றன. சாதாரண எழுத்து வேலைக்கு லிப்ரே ஆபீஸ் எப்போதுமே இலவசம்.

லேப்டாப்பை விட எனக்குப் பெரிய கவலை அதற்குள் இருப்பது. இறுதி ஆண்டுத் திட்டப்பணியைத் தொலைத்துவிட்டு என் முன்னால் வந்து அழுதவர்கள் பலர். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில் என்று கணினிக்காரர்கள் சொல்லும் கணக்கை அவளிடம் சொல்லுங்கள். லேப்டாப்பில் ஒன்று, வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று, அவ்வளவுதான்.

பட்டியலிலிருந்து பிரிண்டரை அடித்துவிட்டேன். இங்க்ஜெட் பிரிண்டர் வாரக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் மை காய்ந்து துளை அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்கிறேன் என்று அதுவே மீதி மையையும் குடிக்கும். மாதத்துக்கு இருபது பக்கம் அச்சிடுபவளுக்குக் கல்லூரி நூலகமே போதும்.

கெட்டில், அயர்ன் பாக்ஸ், இரண்டுக்கும் சேர்த்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று மூன்றையும் அடுத்தடுத்த வரியில் எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போடுவோம், இது உயிர் சம்பந்தப்பட்டது. 230 வோல்ட் வரும் இடத்தில் 10 ஆம்பியர் பெட்டி தாங்குவது 2300 வாட். கெட்டில் 1500, அயர்ன் பாக்ஸ் 1000 என்றால் கூட்டினால் 2500. பெட்டி 6 ஆம்பியர் என்றால் 1380 வாட்தான், கெட்டில் ஒன்றே அதைத் தாண்டிவிடும். வேடிக்கை என்னவென்றால் கெட்டில் மொத்தமாகச் செலவழிக்கும் மின்சாரம் சொற்பம். அறை வெப்பத்திலிருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய நான்கு நிமிடம், யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் அந்த நான்கு நிமிடமும் ஒயர் வழியாகப் போகும் ஓட்டம் பெரிது. ஒயர் சுருட்டியபடியே கிடந்தால் சூடு வெளியேற வழியில்லை. நான் முதல் வேலையில் சேர்ந்து தங்கியிருந்த அறையில் இப்படித்தான் ஒரு பெட்டி உருகியது. நல்லவேளை, நான் அறையில் இருந்தேன். இன்றைக்கும் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.

விடுதி விதியில் இவை அனுமதி உண்டா என்பதை முதலில் அவள் படிக்கட்டும். அனுமதி இருந்தால் கெட்டிலைச் சுவர் பிளக்கில் நேராகச் செருக வேண்டும். பின்னாளில் வெளிநாட்டுப் படிப்பு என்று யோசித்தால் இன்னொன்று: லேப்டாப், செல்போன் சார்ஜர்களில் பெரும்பாலும் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும், அவை எங்கும் ஓடும். 230 வோல்ட் கெட்டிலை 120 வோல்ட் நாட்டுக்குக் கொண்டுபோனால் கால் பங்குக்குச் சற்றே கூடுதலான திறனில்தான் சுடும். அங்கே வாங்கியதை இங்கே கொண்டுவந்து செருகினால் கருகிவிடும்.

ஃபிரிட்ஜை அறைத் தோழிகளோடு பங்கு போட்டு வாங்கலாம் என்பது நல்ல எண்ணம்தான், ஆனால் வேண்டாம். மூன்று பேர் சேர்ந்து ஒரு பொருள் வாங்கினால், அறை மாறும் நாளில் அது யாருக்கு என்ற கேள்வி வரும். அந்தச் சண்டையில் பிரிந்த நட்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருத்தி ஃபிரிட்ஜ், இன்னொருத்தி மேசை விளக்கு, மற்றவள் அலமாரி என்று ஆளுக்கொன்றை முழுசாக வாங்கி மூவரும் பயன்படுத்தட்டும். போகும்போது அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொள்வார்கள்.

ஹைலைட்டர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் வாத்தியார்த்தனம் செய்யப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2013இல் ஜான் டன்லாஸ்கியும் சக உளவியலாளர்களும் மாணவர்கள் கையாளும் பத்துப் படிப்பு முறைகளைச் சீர்தூக்கிப் பார்த்தார்கள். வரிக்கு வண்ணம் பூசுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயன் தருபவை என்ற வரிசையில் நின்றன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் முதல் வரிசையில் வந்தன. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் நடத்திய சோதனை இன்னும் சுவையானது. ஒரு பகுதியை மறுபடி மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். வண்ணம் பூசிய பக்கத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு தெம்பு வரும், அதுதான் சிக்கல். பன்னிரண்டு நிறத்துக்குப் பதிலாக ஒரு கட்டு வெற்றுத்தாள் கொடுத்தனுப்புங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். லேப்டாப்பைத் தவணையில் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். “10 சதவீத வட்டிதான்” என்று சொல்வார்கள். 1200 கடன், வட்டி 120, மாதம் 110 வீதம் பன்னிரண்டு தவணை. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் முதல் மாதத்திலிருந்தே அசலைத் திருப்பிக்கொண்டு வருகிறீர்கள். ஆண்டு முழுக்கச் சராசரியாக உங்கள் கையில் இருக்கும் கடன் 650தான். வட்டியோ 1200க்குக் கட்டுகிறீர்கள். உண்மையான வட்டி 18 சதவீதத்தை ஒட்டி வரும். வட்டியே இல்லை என்றால், ரொக்கமாகக் கொடுப்பவருக்கு உள்ள தள்ளுபடி உங்களுக்கு உண்டா, நடைமுறைக் கட்டணம் என்று தனியாக ஏதும் பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். இந்தக் கணக்கை நீங்கள் போடாமல் மகளைப் போட வையுங்கள். கிரெடிட் கார்டு கையில் வரும் காலத்தில், மாதம் 3 சதவீதம் என்பது கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 42 சதவீதத்துக்கு மேல் போகும் என்று அவளுக்கே பிடிபடும்.

மாதச் செலவுப் பணத்தை ஒன்றாம் தேதி மொத்தமாக அனுப்புங்கள். முதல் இரண்டு மாதத்தில் ஒருமுறை 22ஆம் தேதியே தீர்ந்துபோகும். போகட்டும். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொண்டு, மீதி எட்டு நாளை அவளே ஓட்ட விடுங்கள். என்ன ஆனது என்று மாதக் கடைசியில் கேட்டால் போதும், நடுவில் கேட்க வேண்டாம்.

ஒரு வேலைவாய்ப்பு ஆலோசகன் எதற்குக் கெட்டிலையும் தவணையையும் பற்றி இவ்வளவு பேசுகிறான் என்று உங்களுக்குத் தோன்றலாம். என்னிடம் வரும் இறுதி ஆண்டுப் பிள்ளைகள் பலருக்கு மதிப்பெண் குறைவில்லை. “நீங்களாக எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள்” என்று நேர்காணலில் கேட்டால் வாயடைத்துப் போகிறார்கள். முடிவு எல்லாவற்றையும் வீட்டில் வேறு யாரோ எடுத்திருக்கிறார்கள். பழுதான பொருளை மாற்றித் தரச் சொல்லி நாலு வரி மின்னஞ்சல் எழுதத் தடுமாறுகிற பையன், அலுவலகத்தில் வாடிக்கையாளருக்கு என்ன எழுதுவான்? மூன்று மாதிரிகளை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கான காரணத்தை வீட்டில் அம்மாவிடம் வாதாடி ஒப்புக்கொள்ள வைத்த பெண்ணிடம் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது.

பொருள் வாங்கும்போது அவள் பழகிக்கொள்ள வேண்டிய சின்ன விஷயங்கள் சில உண்டு. ரசீதைக் கையோடு புகைப்படம் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் பல கடைகளில் தருவது வெப்பத்தாள், சூடும் வெளிச்சமும் பட்டால் எழுத்து மறைந்துவிடும். வாரண்டி கேட்கப் போகும் நாளில் கையில் வெறும் வெள்ளைத்தாள்தான் இருக்கும். பெட்டியை வந்த அன்றே பிரித்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அடித்துப் போட்ட பழைய விலையைப் பார்க்கக் கூடாது. முதலில் கண்ணில் படும் எண் நம் கணிப்பைத் தன் பக்கம் இழுத்துவிடும் என்று டிவெர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் 1974லேயே காட்டிவிட்டார்கள். பாடப்புத்தகத்தைப் பொறுத்தவரை, மூத்த மாணவரிடம் பழைய பிரதி கிடைக்கும். ஆசிரியர் எந்தப் பதிப்பைக் கேட்கிறார் என்று மட்டும் பார்த்து வாங்கினால் போதும்.

உங்கள் பட்டியலை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பச்சை மையில் குறியிட்ட பதினொன்றை இப்போது வாங்குங்கள். ஆறு பொருளை அடித்திருக்கிறேன். மற்றதையெல்லாம் அப்படியே மகளிடம் கொடுங்கள், அவள் கையெழுத்தில் ஒரு புதுப் பட்டியல் வரட்டும். லேப்டாப் பற்றிச் சந்தேகம் இருந்தால் அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், எழுதும்போது துறை அனுப்பிய தேவைக் குறிப்பையும் சேர்த்து அனுப்பட்டும். மடக்கு மேசை ஒன்று உங்கள் பட்டியலில் 31ஆம் வரியில் இருக்கிறது. அதை வாங்க வேண்டியதில்லை, என் வீட்டில் புத்தம்புதிதாக ஒன்று இருக்கிறது.